நியமனமும் விலகலும்: இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் பணிப்பாளர் நாயகம் பதவி, திருகோணமலையிலிருந்து ஒரு பார்வை

1. கேள்வி

திருகோணமலை மாவட்டத்து மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் அரச முடிவுகள் இரண்டு இடங்களில் எடுக்கப்படுகின்றன. சில முடிவுகள் பிரதேச செயலகத்து மேசையில் பிறக்கின்றன: காணி அனுமதிப்பத்திரம், மகாவலி ஆற்று மணல் ஏற்ற ஓர் அனுமதி, வீட்டுத்திட்டப் பட்டியலில் ஒரு பெயர். வேறு சில கொழும்பில் எடுக்கப்பட்டு, இங்குள்ள நிலத்திலும் கடலோரத்திலும் வந்து இறங்குகின்றன. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் எஞ்சியுள்ள 99ஐயும் 2022 ஜனவரி 6ஆம் திகதி கைச்சாத்தான உடன்படிக்கைகள் மூன்று கூறாக்கின. 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் போயின. மீதி 61ஐ, கூட்டுத்தாபனம் 51 வீதமும் ஐ.ஓ.சி. 49 வீதமும் பங்கு கொண்ட ஒரு கூட்டு நிறுவனம் பெற்றது. சம்பூரில் 2006இல் இடம்பெயர்ந்த மக்கள் முகாம்களில் இருந்தபோதே, 2012இல் அவர்களுடைய காணிகள் உட்பட 818 ஏக்கர் முதலீட்டு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2015இல் அந்த அறிவித்தல் இரத்தான பிறகே அவர்கள் ஊர் திரும்பினார்கள். புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணல் பல பத்தாண்டுகளாகக் கப்பலேறிக் கொண்டிருக்கிறது.

இவற்றில் எதிலும் ஊழல் நடந்தது என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்வளவு பெரிய முடிவுகளில் ஐயம் எழுந்தால் அதைக் குற்றப் பத்திரமாக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவரை அந்தக் கதிரையில் அமர்த்துகிறவர் யார், எழுப்புகிறவர் யார் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. இலங்கையில் அந்த அதிகாரம் குவிந்திருக்கும் இடம் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் பணிப்பாளர் நாயகம் பதவி. இப்பதவி பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் ‘யார் நியமிப்பது’ என்பதோடு நின்றுவிடுகிறது. கடந்த முப்பது ஆண்டு வரலாற்றைப் படித்தால், பதவியின் சுதந்திரம் நியமனத்தில் தீர்மானமாவதைவிட விலகலில்தான் தீர்மானமாகியிருக்கிறது என்பது தெரியும்.

2. பதவியின் அதிகாரம்

இலங்கையில் இலஞ்சத்துக்கெனத் தனிச்சட்டம் வந்தது 1954இல், அவ்வாண்டின் 11ஆம் இலக்கச் சட்டமாக. இன்று முறைப்பாட்டுக்கு அழைக்கும் 1954 என்ற தொலைபேசி இலக்கமும் அதே எண்தான். பின்னர் இலஞ்ச ஆணையாளர் திணைக்களம் உருவானது. அது நிர்வாகத்தின் ஓர் உறுப்பாகவே இயங்கியதால், ஆளும் தரப்பை விசாரிக்கும் வலு அதற்கு இல்லை என்ற குறை நெடுங்காலம் இருந்தது. அக்குறையைத் தீர்க்கவே 1994இன் 19ஆம் இலக்கச் சட்டம் மூன்று உறுப்பினர் கொண்ட நிரந்தர ஆணைக்குழுவை நிறுவியது. உயர் நீதிமன்றத்தின் அல்லது மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதியரசர்கள் இருவர், குற்றப் புலனாய்விலும் சட்ட அமுலாக்கத்திலும் அனுபவமுள்ள ஒருவர் என்பது அதன் அமைப்பாக இருந்தது. முதலாவது ஆணைக்குழுவின் மூவரில் நீதியரசர் சிவா செல்லையாவும் முன்னாள் பொலிஸ் மா அதிபர் ருத்ரா ராஜசிங்கமும் தமிழர்கள்.

உறுப்பினர்கள் முடிவெடுக்க, பணிப்பாளர் நாயகம் நிறைவேற்றுகிறார் என்பதே சட்டத்தின் அமைப்பு. ஆனால் எந்த முறைப்பாடு எந்தப் புலனாய்வாளரிடம் போகிறது, எந்தக் கோப்பு உறுப்பினர்களின் மேசைக்கு எப்போது வருகிறது, எந்தச் சான்று முன்னிலைப்படுத்தப்படுகிறது என்பவை அவர் கையில் இருக்கின்றன. உறுப்பினர்களின் பணிப்பின் பேரில் குற்றப் பகர்வில் கையொப்பமிட்டு வழக்கை மேல் நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்பவரும் அவரே. வழக்கை மீளப்பெற நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கப்படுவதும் அவருடைய அலுவலகத்தின் பெயரில்தான். உறுப்பினர் மூவரும் ஒருபோதும் பார்க்காத கோப்புக்கு மேன்முறையீடு கிடையாது. ஆதலால் ஆணைக்குழுவின் ‘தலைவர்’ என்ற பட்டம் இன்னொருவருக்கு இருந்தாலும், நடைமுறையில் நிறுவனத்தை நகர்த்துபவர் பணிப்பாளர் நாயகமே.

2015இன் 19ஆவது திருத்தம் வரும்வரை ஆணைக்குழு தானாக முன்வந்து விசாரணை தொடங்க முடியாதிருந்தது. எவராவது முறைப்பாடு செய்ய வேண்டியிருந்தது. சிறிய இலஞ்சத்தில் பணம் கொடுக்க நிர்ப்பந்திக்கப்பட்டவர் முறைப்பாட்டாளராக வருவார். ஒரு துறைமுகக் குத்தகையிலோ கொள்முதலிலோ இழப்பு முழு நாட்டுக்கும் என்பதால் தனியாக எவரும் வருவதில்லை. பொலிஸ் உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர், எழுதுவினைஞர் ஆகியோர் சில ஆயிரம் ரூபாவுடன் பிடிபட்ட செய்திகள் அடிக்கடி வருவதற்கும், பெரிய ஒப்பந்தங்கள் மீதான வழக்குகள் அரிதாய் இருப்பதற்கும் இந்தச் சட்டக் குறை ஒரு காரணம். இப்போது அக்குறை நீங்கிவிட்டது. தானாக முன்வந்து விசாரிக்கும் அதிகாரம் கிடைத்த பிறகு, அதைப் பயன்படுத்தும் துணிவு எங்கிருந்து வரும் என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது.

3. நியமன விதிகளின் பயணம்

1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பணிப்பாளர் நாயகத்தை நியமிப்பவர் ஜனாதிபதி. உறுப்பினர்களுடன் கலந்தாலோசிப்பது மட்டுமே அவரது கடமை. வேறு ஏற்பாடு இல்லாதபோது நியமிக்கும் அதிகாரம் நீக்கும் அதிகாரத்தையும் உள்ளடக்கும் என்பது நம் பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின் பொது விதி. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஜனாதிபதியின் அமைச்சரவையை விசாரிக்க வேண்டியவர் அதே ஜனாதிபதியின் விருப்பத்தில் இருந்தார் என்று ஆகிறது.

உறுப்பினர் நியமனம் மட்டும் அரசியலமைப்பின் திருத்தங்களோடு முன்னும் பின்னும் போனது. 2001இன் 17ஆவது திருத்தம் இத்தகைய நியமனங்களுக்குப் பரிந்துரை செய்யும் அரசியலமைப்புப் பேரவையை உருவாக்கியது. 2010இன் 18ஆவது திருத்தம் அதை அகற்றியது. 2015இன் 19ஆவது மீட்டது. 2020இன் 20ஆவது மீண்டும் அகற்றியது. 2022 ஒக்டோபரில் 21ஆவது மறுபடி கொண்டுவந்தது. இருபத்தோராண்டில் ஐந்து திருத்தங்கள். இந்த ஊசலாட்டத்தின் விலை 2010இல் வெளிப்பட்டது. பதவிக்காலம் முடிந்த உறுப்பினர்களின் இடத்துக்குப் புதியவர்கள் நியமிக்கப்படாததால் ஆணைக்குழு ஓராண்டுக்கு மேல் செயலற்றுக் கிடந்தது. 2011 மே மாதத்தில்தான் மீண்டும் இயங்கியது. ஒரு விசாரணை நிறுவனத்தை முடக்க அதன் தலைவரை நீக்கத் தேவையில்லை, நியமிக்காமல் இருந்தாலே போதும் என்பதை அந்த ஓராண்டு காட்டியது.

2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் முந்தைய இலஞ்சச் சட்டத்தையும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சொத்து வெளிப்படுத்தல் சட்டத்தையும் நீக்கி, 2023 செப்டெம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த ஏற்பாட்டில் அது ஒரு நிபந்தனை. அதே செப்டெம்பர் இறுதியில் வெளியான நிதியத்தின் ஆட்சிமுறை மதிப்பாய்வு, ஆணைக்குழுவுக்குப் பெயர்களைத் தெரிவு செய்ய ஓர் ஆலோசனைக் குழு வேண்டும் என்று பரிந்துரைத்தது. புதிய ஏற்பாட்டின் கீழ் பணிப்பாளர் நாயகத்தின் நியமனம் அரசியலமைப்புப் பேரவையின் இசைவைக் கடந்தே நிகழ்கிறது. மேல் நீதிமன்ற நீதிபதி ரங்க திசாநாயக்க 2025 ஜனவரியில் அவ்வழியே பதவிக்கு வந்தார்.

இது உண்மையான முன்னேற்றம். ஆனால் பேரவையின் பத்துப் பேரில் ஏழுவர் பாராளுமன்ற உறுப்பினர்கள், மூவர் மட்டுமே வெளியாட்கள். விசாரிக்கப்படக்கூடியவர்களின் அவை விசாரிப்பவரைத் தெரிவு செய்கிறது. இதைவிடவும் என்னை உறுத்துவது, அந்த அவை எந்தெந்தப் பெயர்களைப் பார்த்தது, எந்த அளவுகோலால் ஒருவரைத் தேர்ந்தது என்பது பொதுமக்களுக்குக் காரணங்களோடு சொல்லப்படாமல் இருப்பது. பணியிலுள்ள நீதிபதி ஒருவர் வழக்குத் தொடுநராக மாறுவதன் நன்மை தீமைகளையேனும் பேரவை வெளிப்படையாக எடைபோட்டிருக்க வேண்டும். நீதிமன்ற அனுபவம் பெரும் பலம்; மறுபுறம், பின்னாளில் அவர் மீண்டும் நீதிபதி ஆசனத்துக்குத் திரும்புவாரா என்பது நியமனத்தின்போதே பதில் சொல்லப்பட வேண்டிய கேள்வி.

4. விலகியவர்களின் கதை

முதலாவது பணிப்பாளர் நாயகம் நெலும் கமகே 1990களின் பிற்பகுதியில், நியமித்த அதே ஜனாதிபதியின் காலத்திலேயே பதவியிலிருந்து மாற்றப்பட்டார்.

இரண்டாவது உதாரணத்தை விரிவாகப் பார்க்க வேண்டும். அது கடற்படையோடு தொடர்புடையது, கிழக்குக் கடற்படைத் தலைமையகம் இருக்கும் நம் நகரத்தில் அதற்குத் தனிப்பொருள் உண்டு. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும், சட்டமா அதிபர் திணைக்களத்தின் மூத்த அதிகாரியான தில்ருக்ஷி டயஸ் விக்கிரமசிங்க பணிப்பாளர் நாயகமாக்கப்பட்டார். 2016இல் ஆணைக்குழு, அவன்ட் காட் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் மிதக்கும் ஆயுதக் களஞ்சிய விவகாரத்தில் அரசுக்கு 11.4 பில்லியன் ரூபா இழப்பு ஏற்பட்டதாகக் கூறி, முன்னாள் பாதுகாப்புச் செயலாளரையும் முன்னாள் கடற்படைத் தளபதிகள் சிலரையும் நீதிமன்றத்துக்கு அழைத்தது. 2016 ஒக்டோபர் 12ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பொது மேடையில் ஆணைக்குழுவைக் கடிந்து பேசினார். தளபதிகளை நீதிமன்றத்தில் நிறுத்தியது பிழை என்றும், விசாரணை நிறுவனங்கள் அரசியல் நோக்கோடு இயங்குகின்றன என்றும் பொருள்பட அவ்வுரை அமைந்தது. ஐந்து நாட்களில் பணிப்பாளர் நாயகம் பதவி விலகினார்.

இங்கே எவரும் எவரையும் நீக்கவில்லை. நீக்கத்துக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் ஓர் உரையால் திறக்கப்படும் வாசல் இது. நல்லாட்சி என்ற பெயரில் வந்த அரசு, 19ஆவது திருத்தத்தைத் தானே நிறைவேற்றிய அரசு, அவ்வாசலைத் திறந்தது என்பதை மறக்கலாகாது.

கதை அங்கே முடியவில்லை. விலகியவர் தாம் வந்த திணைக்களத்துக்கே திரும்பி, பின்னர் மன்றாடியார் நாயகமாக உயர்ந்தார். அவன்ட் காட் நிறுவனத் தலைவருடன் அவர் பேசியதாகச் சொல்லப்பட்ட ஒலிப்பதிவு வெளியானதை அடுத்து, 2019 செப்டெம்பரில் பணி இடைநிறுத்தப்பட்டார். அந்த உரையாடலின் உண்மை பொய் எதுவாயினும் அமைப்பின் குறை ஒன்று தெரிகிறது. வழக்குத் தொடுநராக இருந்தவர் பதவி உயர்வுக்காக மீண்டும் அரச நிரலில் நிற்க வேண்டியிருந்தால், வழக்கு நடக்கும்போதே அவர் பார்வையில் எதிர்காலம் நின்றுகொண்டிருக்கும். அது தனிமனிதரின் நேர்மையைக் குறித்த குற்றச்சாட்டன்று. மிக நேர்மையானவரையும் அந்நிலை நெருக்கும்.

அவரைத் தொடர்ந்து வந்தவர் சரத் ஜயமான்ன. அவரும் சட்டமா அதிபர் திணைக்களத்தவர். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின் அவரும் விலகினார். அடுத்து வந்த காலத்தில், மூன்று உறுப்பினர்களின் எழுத்துமூலப் பணிப்பு உரியவாறு இல்லை என்ற தொழில்நுட்பக் காரணத்தால், அரசியல்வாதிகள் மீதான பல வழக்குகள் ஆணைக்குழுவாலேயே மீளப்பெறப்பட்டன. சட்டத்தின் நடைமுறைத் தேவை உண்மையானதுதான். அதை நிறைவு செய்து வழக்கை மறுபடி தாக்கல் செய்ய வழி இருந்தும் பல கோப்புகள் தாமதமாகக் கிடந்தன. 2020இல் அரசியல் பழிவாங்கலை விசாரிக்கும் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டு, முன்பு விசாரித்தவர்களையும் வழக்குத் தொடுத்தவர்களையும் கேள்விக்குட்படுத்தியது.

விசாரணையாளருக்கு ஆட்சி மாற்றத்தின் பின் என்ன நேரும் என்பதைத் திருகோணமலை மக்கள் வேறொரு வழக்கிலும் கண்டார்கள். 2008, 2009 காலத்தில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்ட 11 பேர் இங்குள்ள கடற்படைத் தளத்தின் ‘கன்சைட்’ தடுப்பிடத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது அவ்வழக்கின் குற்றச்சாட்டு. கப்பம் கேட்கப்பட்டதும் அதில் அடங்கும். 2015 நவம்பரில், காணாமலாக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு அந்த இடத்தை நேரில் பார்த்தது. வழக்கின் விசாரணையை வழிநடத்திய குற்றப் புலனாய்வுத் திணைக்களப் பணிப்பாளர் ஷானி அபேசேகர, 2019 தேர்தல் முடிந்து ஒரு வாரத்துக்குள் இடம் மாற்றப்பட்டு, 2020 ஜூலையில் கைதானார். அது இலஞ்ச ஆணைக்குழுவின் வழக்கன்று. ஆனால் அதைப் பார்த்த எந்தப் புலனாய்வாளரும், எந்தப் பணிப்பாளர் நாயகமும், அடுத்த கோப்பைத் திறக்கும்போது அதை நினைக்காமல் இருக்க முடியாது.

5. பிற இடங்களில்

1951 ஒக்டோபரில் சிங்கப்பூரின் பொங்கோல் கடற்கரையில் இறங்கிய கடத்தல் அபின் கொள்ளையிடப்பட்டது. கொள்ளையரில் பொலிஸ் துப்பறிவாளர்களும் இருந்தார்கள். பொலிஸே பொலிஸை விசாரிக்க முடியாது என்ற பாடத்திலிருந்து 1952இல் அந்நாட்டின் ஊழல் விசாரணைப் பணியகம் பிறந்தது. அதன் பணிப்பாளர் பிரதமரின் அலுவலகத்துக்கு உட்பட்டவரே. ஆயினும் 1991இன் அரசியலமைப்புத் திருத்தம், பிரதமர் ஒரு விசாரணைக்கு இசைவு மறுத்தால் ஜனாதிபதியின் உடன்பாட்டோடு அதைத் தொடரலாம் என்ற மாற்றுவழியைத் தந்தது. சுதந்திரத்தை முழுமையாகத் தராத அமைப்பும்கூட, தடை வரும் இடத்தை முன்னுணர்ந்து ஒரு வழி வைத்திருக்கிறது.

இந்தியாவில் மத்திய கண்காணிப்பு ஆணையராக பி.ஜே. தோமஸ் 2010 செப்டெம்பரில் நியமிக்கப்பட்டபோது, தெரிவுக் குழுவின் மூவரில் ஒருவரான எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா சுவராஜ் மறுப்புத் தெரிவித்திருந்தார். கேரளப் பாமாயில் இறக்குமதி வழக்கு தோமஸ் மீது நிலுவையில் இருந்தது. 2011 மார்ச் 3ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் நியமனத்தை இரத்துச் செய்தது. தனிநபரின் நேர்மை மட்டும் போதாது, நியமனத்தால் நிறுவனத்தின் நேர்மைக்குக் குந்தகம் வருமா என்பதைத் தெரிவுக் குழு பார்த்திருக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். பேரவையில் பெரும்பான்மை கிடைத்துவிட்டது என்பதோடு திருப்தியடையும் நமக்கு இத்தீர்ப்பு அவசியமான வாசிப்பு. தமிழ்நாட்டில் 1964இல் தொடங்கிய ஊழல் தடுப்பு, கண்காணிப்பு இயக்ககத்தின் தலைமையில் அரசு நியமிக்கும் பொலிஸ் அதிகாரியே இருக்கிறார். 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இரு பெரும் கட்சிகளின் இந்நாள், முன்னாள் அமைச்சர்கள் விடுபட்ட வழக்குகளைத் தாமாகவே மீளாய்வுக்கு எடுத்தார். ஆட்சிக்கேற்ப இயக்ககத்தின் நிலைப்பாடு மாறியதை அவர் கண்டித்ததில் நமக்கும் பாடம் உண்டு.

விலகல் பற்றி நேராகப் பேசிய தீர்ப்பு தென்னாபிரிக்காவினுடையது. வழக்குத் தொடுநர் துறைத் தலைவர் ம்க்ஸொலிசி ந்க்ஸசானா 17.3 மில்லியன் ரான்ட் பெற்றுக்கொண்டு பதவியை விட்டதை, 2018 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. பணம் கொடுத்துக் கதிரையைக் காலி செய்விப்பதும் சுதந்திரத்தின் மீதான தாக்குதலே என்று அது கண்டது.

2012இல் ஜகார்த்தாவில் கூடிய ஊழல் எதிர்ப்பு நிறுவனங்கள் வகுத்த கோட்பாடுகளில் நியமனம், பதவிக்காலப் பாதுகாப்பு, நீக்கம் ஆகிய மூன்றும் இடம்பெறுகின்றன. அக்கோட்பாடுகளுக்கு எழுதப்பட்ட விளக்கவுரைக்குக் கொழும்பின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அதற்கான நிபுணர் கூட்டம் 2018இல் நடந்தது இந்த நாட்டில். நம் தலைநகரின் பெயர் தாங்கிய ஆவணம் சொல்வதை நாமே நிறைவேற்றாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

6. மாவட்டத்தின் கண்ணில்

கொழும்பு 7, மலலசேகர மாவத்தையில் இருக்கும் தலைமையகத்துக்கும் திருகோணமலைக்கும் இடையே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இந்த மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் வாழ்வோரில், 2012 குடிசன மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 70 வீதத்தினர் தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழர்களும். வெருகலில் இருந்தோ ஈச்சிலம்பற்றில் இருந்தோ ஒருவர் முறைப்பாடு செய்வதென்றால், தம் மொழியில் கேட்கப்பட வேண்டும். கைதுக் குழு வந்து சேரும்வரை தகவல் உள்ளூரில் கசியாதிருக்க வேண்டும். அதன் பிறகும் அதே அலுவலகத்தில் அவர் காணி அலுவலைத் தொடர வேண்டியிருக்கும்.

2023ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் இலஞ்சத்தைத் தெளிவான குற்றமாக்கியது. போரில் கணவரை இழந்தோ, காணாமற் போன ஒருவரைத் தேடியோ கச்சேரிக்கும் பொலிஸுக்கும் முகாமுக்கும் நடந்த பெண்கள் வாழும் மூதூர், குச்சவெளி போன்ற பகுதிகளில் அச்சட்டப் பிரிவின் கனம் புரியும். ஆனால் அப்பெண் பேசுவதற்கு முன், தான் பெயர் சொல்லப்போகும் அதிகாரியின் மேலிடத்தைவிட, தன் முறைப்பாட்டைக் கையிலெடுப்பவரின் இருக்கை உறுதியானதா என்று கணக்குப் பார்ப்பாள். பணிப்பாளர் நாயகத்தின் பதவிக்காலப் பாதுகாப்பு ஏதோ கொழும்புச் சட்டத்தரணிகளின் விவகாரம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

7. எதிர்வாதமும் கோரிக்கையும்

நீக்கமுடியாத வழக்குத் தொடுநர் தாமே ஓர் அதிகார மையமாகி, அரசியல் பகைமைக்கு ஆயுதமாவார் என்ற எதிர்வாதம் உண்டு. அதைப் புறந்தள்ள முடியாது. 2015க்குப் பின் தொடுக்கப்பட்ட சில வழக்குகள் அவசரத்தில் தயாரிக்கப்பட்டு நீதிமன்றத்தில் நிற்காமல் போனதும், அந்த வழக்குகளில் விடுதலையானவர்கள் அதையே அரசியல் முதலாக்கியதும் நடந்தவை. பதவியை வலுவாக்கும்போது பொறுப்புக்கூறலையும் அதே அளவில் வலுவாக்க வேண்டும். என் கணிப்பில் அதற்குச் சிறந்த கருவி நீக்கும் அச்சுறுத்தலன்று, எழுதிய காரணம். வழக்குத் தொடுத்தாலும் கைவிட்டாலும் மீளப்பெற்றாலும் பணிப்பாளர் நாயகம் காரணத்தை எழுதிப் பகிரங்கப்படுத்தக் கடமைப்பட்டிருந்தால், 2019க்குப் பின் நடந்தவை போன்ற மீளப்பெறல்கள் அவ்வளவு இலகுவாக நடந்திரா.

அடுத்ததாக, பதவிக்காலம் ஒரே தடவைக்கானதாக இருக்க வேண்டும். முடிந்த பின் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குச் சட்டமா அதிபர் திணைக்களத்துக்கோ, நீதிபதி ஆசனத்துக்கோ, ஜனாதிபதி தரும் வேறு பதவிக்கோ போகக் கூடாது. ஓய்வூதியத்தாலும் கொடுப்பனவாலும் அந்த ஆண்டுகளை அரசு ஈடுசெய்யட்டும். இடையில் விலகுபவர் தம் விலகலின் காரணத்தைப் பாராளுமன்றத்துக்கு எழுத்தில் தர வேண்டும். அரசியலமைப்புப் பேரவை அடுத்த தெரிவின்போது அளவுகோலையும், இறுதிச் சுற்றுக்கு வந்த பெயர்களையும், தேர்ந்ததற்கான காரணத்தையும் மும்மொழியிலும் வெளியிட வேண்டும். தமிழில் இயங்கும் பிராந்திய அலுவலகம் ஒன்று கிழக்கில் வேண்டும்.

இவற்றுக்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை; பெரும்பாலானவை சாதாரணச் சட்டத் திருத்தத்தாலும், மீதி பேரவையின் நடைமுறை விதிகளாலும் ஆகக்கூடியவை. திருகோணமலைத் தேர்தல் மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் செல்லும் நால்வரும் எந்தக் கட்சியினராயினும் இத்திருத்தத்தைத் தனிநபர் பிரேரணையாகவேனும் முன்வைக்க வேண்டும். அடுத்த முறை அவர்கள் வாக்குக் கேட்டு வரும்போது, வாசகர்களே, இதைச் செய்தீர்களா என்று கேளுங்கள்.